வால் பார்க்கும் ஆன்ட்டி

மோக்கிஹானா ஆன்ட்டி வாத்துகளின் முகத்தைப் பார்ப்பதில்லை. முழங்கால் சேற்றில் நின்றபடி, தன் சேம்பு வயலில் இறங்கும் ஒவ்வொன்றின் வாலையும் பார்க்கிறார். வாலிறகு நன்றாகச் சுருண்டிருந்தால் அதில் பண்ணை வாத்தின் ரத்தம் இருக்கிறது என்பது அவர் கணக்கு. சுருளவில்லையென்றால் எங்கள் தீவுக் காட்டு வாத்து, கோலோவா.

கலப்பில்லாத கோலோவா மிச்சமிருப்பது பெரும்பாலும் ஹவாயின் இந்தக் கவாய் தீவில்தான். ஆசைக்கு வளர்த்துக் கைவிட்ட பண்ணை வாத்துகளோடு கூடிக் கூடி, மற்ற தீவுகளில் அந்த இனம் கரைந்துகொண்டிருக்கிறது.

பக்கத்து வயல்காரன் வெண்டலுக்கு இது வேடிக்கை. "உங்கப்பா சீனர், அம்மா ஹவாய்க்காரி, பாட்டி போர்ச்சுகல். நீங்க வாத்துக்கு ஜாதகம் பார்க்குறீங்களாக்கும்."

"என்னை மாதிரி ஆளு இங்க தெருவுக்குப் பத்துப் பேரு. கோலோவா அப்படியாடா?"

ஊருக்குச் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை ஆன்ட்டிக்கும் நடந்தது. போன மழைக்காலத்தில் ஒரு வாத்துக் குஞ்சு அவர் வரப்பில் வந்து ஒண்டியது. சேம்பைத் தின்னும் நத்தைகளைத் தின்றே கொழுத்தது. ஆவியில் வேகும் பன்னின் பெயரை வைத்து 'மனாபுவா' என்று கூப்பிட்டார். அவர் உட்கார்ந்தால் அது காலடியில் தூங்கும். வளர்ந்தபின் அதன் வால், முறுக்கு.

"நனைஞ்சிருக்கு. காஞ்சா நேராயிடும்" என்றார் ஆன்ட்டி. வெயில் காலம் முழுக்க அதையேதான் சொன்னார்.

சென்ற வாரம் மனாபுவா ஒரு கோலோவாப் பெட்டையின் பின்னால் ஜோடி சேரத் தலையை ஆட்டி ஆட்டி நீந்தியது. ஆன்ட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வனவிலங்கு அலுவலகத்து க்ளைடுக்கு அவரே போன் செய்தார்.

"ஆன்ட்டி, கொண்டுபோனா திரும்பி வராது. தெரியும்ல?" என்றான், கூண்டோடு வந்து இறங்கிய க்ளைட்.

"தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். வளவளன்னு பேசாம கூண்டைத் திற."

க்ளைடின் வலைக்கு மனாபுவா அகப்படவில்லை. ஆன்ட்டி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. அவரே தூக்கிக் கூண்டில் விட்டார். க்ளைட் கூண்டை வண்டியின் திறந்த பின்பக்கத்தில் ஏற்றினான்.

"நானும் வர்றேன்" என்றார். க்ளைட் முன்கதவைத் திறந்து பிடித்தான். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. சேற்றுக் காலோடு பின்னால் ஏறி, எதிர்க்காற்றுக்கு முதுகைக் கொடுத்து, கூண்டை மறைத்தாற்போல் உட்கார்ந்துகொண்டார்.