மதார் சாகிப் எடுத்த இந்தி வகுப்பு

மதார் சாகிப் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டர். மைதானத்தில் அவர் விசில் ஊதினால் காக்கை குருவிகூட வரிசையில் நிற்கும். அப்பேர்ப்பட்ட மனுசர் 1938-இல் ஆடிப்போனார். பள்ளிக்கூடங்களில் இந்தி கட்டாயம் என்று சர்க்கார் உத்தரவு வந்ததும் தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டார்.

“சாயபுமார் வீட்டிலே பேசுற பாஷைதானே? முதல் பாரத்துப் பிள்ளைகளுக்கு நீரே பாடம் எடுத்துவிடும்.”

சாகிப் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்தான். புருசன் பெண்டாட்டி சண்டைகூடத் தமிழில்தான். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் இரண்டு ஆளை வேலையிலிருந்து கழிக்கப்போவதாக அந்த மாசம்தான் பள்ளிக்கூடத்தில் பேச்சு அடிபட்டது. தலை தானாக ஆடிவிட்டது.

அன்றிலிருந்து பயம்தான். ராஜபாளையத்தில் கதர்க்கடை வைத்திருந்த ரெங்கப்ப ராஜா வீட்டில் பேசுவது தெலுங்கு. இந்தி அவர் ஆசையாய்ப் படித்தது. விடிந்ததும் அவரிடம் ஒளிந்து போய் ஒரு பாடம் கற்றுக்கொண்டு, பஸ்ஸில் முணுமுணுத்தபடியே வந்து, அதே பாடத்தை வகுப்பில் இறக்கிவைப்பார் சாகிப். எவனாவது அடுத்த பக்கத்தைப் புரட்டினால் போதும், புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவார். வாசலில் மறியல்காரர்கள் ‘இந்தி ஒழிக’ என்று கத்தும்போது, தானும் சேர்ந்து கத்த வேண்டும்போல இருக்கும்.

“தூக்கத்துலயும் என்னமோ உளறுதீய,” என்றாள் மனைவி ஜெய்னப். “நெசத்தைச் சொல்லிப் போடுங்களேன்.”

“சொன்னா வேலை போயிரும் ஏட்டி.”

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வகுப்பைப் பார்க்க வந்த அன்று சாகிபுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. காலையில் கற்றுவந்த பாடத்தை அப்படியே வாசித்தார். “பேஷ்! தாய்ப்பாஷை என்றால் இதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர். தலைமையாசிரியருக்கு வாயெல்லாம் பல். மறுவாரமே சாகிபை முழுநேர இந்தி வாத்தியாராக்கி, டிரில் வேலையையும் விசிலையும் சங்கையா என்கிற புது ஆளிடம் கொடுத்துவிட்டார்.

1940 மாசியில் சர்க்காரே உத்தரவைத் திரும்பப் பெற்றது. இரண்டு வருசத்தில் அன்றுதான் சாகிப் வயிறாரச் சாப்பிட்டார். மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டு, “இந்தி போச்சு. உமக்கு இனி இங்கே வேலை இல்லை” என்றார்.

சாகிப் கையைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாள் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டார்.

“ஐயா, எனக்கு இந்தி தெரியாதுய்யா. எங்க வீட்டுல தமிழ்தான். நான் டிரில் மாஸ்டர். அந்த விசிலைத் திருப்பிக் குடுத்துருங்க.”

தலைமையாசிரியர் அவரை அருவருப்போடு பார்த்தார்.

“ஒரு வேலைக்காகப் பெத்த தாய்ப்பாஷையையே தெரியாதுங்கிறீரே, சாகிப்!”