ரத்தத்தில் இருந்தது, எலும்புக்கு வரவில்லை

முதலில் இடுப்பெலும்பு வலித்தது. தீவன மூட்டையைப் புரட்டியதால் என்று நினைத்தேன். பிறகு தொடையும் விலாவும் வலித்தன.

நாமக்கல் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. முட்டை ஓடு மெலிந்தால் தீவனத்தில் வைட்டமின் டி கூட்டுவது என் வேலை. அதனால் அதைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு.

ஊர் டாக்டர் ரத்தம் சோதித்துவிட்டுச் சேலத்துக்கு அனுப்பினார். அங்கே சிறுநீரக மருத்துவர், கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருக்கிறது என்றார். சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதாம். எழுதித்தந்த மாத்திரைகளில் ஒன்று வைட்டமின் டி. ஆனால் ரிப்போர்ட்டிலோ வைட்டமின் டி போதிய அளவு இருந்தது.

இருப்பதையே ஏன் கொடுக்கிறார்? ரிப்போர்ட் வேறு யாருடையதோ? சூரமங்கலத்தில் இன்னொரு லேபில் ரத்தம் கொடுத்தேன். அதே முடிவு. அப்போதும் சந்தேகம் போகவில்லை. என் கணவர் மருத்துவரிடம் தனியாகப் பேசியது நினைவுக்கு வந்தது. வைட்டமின் என்று சொல்லி வேறு எதையோ கொடுக்கிறார்களோ? அந்த மாத்திரையை மட்டும் தினமும் எருக்குழியில் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, முட்டை அட்டைகளைத் தூக்கியபோது விலா எலும்பில் விரிசல் விட்டது.

"மாத்திரை திங்கறயா புள்ள?" என்று கேட்டார் கணவர்.

"இல்லீங்க. நீங்களும் டாக்டரும் என்னத்த மறைக்கறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "டயாலிசிஸ் வருமான்னு கேட்டேன். வரலாம்னாரு. உங்கிட்டச் சொல்றதுக்குத் தெகிரியமில்ல."

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"ரிப்போர்ட்ல பாத்தது இன்னும் வேலைக்கு வராத டிங்கம்மா. ரத்தத்துல ஒரு புரதம் அதச் சுமந்துட்டு வரும். சிறுநீரக செல்லுங்க ரெண்டையும் உள்ள இழுத்து, டியை வேலை செய்யற வடிவமா மாத்தி ரத்தத்துல உடணும். உங்களுக்கு அது சரியா நடக்கல. அந்த டி இல்லாம சாப்பாட்டுல இருக்கற சுண்ணாம்புச் சத்து எலும்புக்குச் சேராது. நான் குடுத்தது மாத்தி முடிச்ச டி (கால்சிட்ரியால்). இத அன்னைக்கே கேட்டிருக்கலாமுங்களே?"

"கேட்டா நெசத்தச் சொல்லுவீங்களான்னு சந்தேகமுங்க."

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சந்தேகப்படுங்கள், ஆனால் மருத்துவர் முகத்துக்கு நேரே கேளுங்கள். மாத்திரையை எறியாதீர்கள்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதில் சில மாதங்களில் எலும்பு வலி தணிந்தது. சிறுநீரகம் தேறவில்லை, மேலும் மோசமாகாமல் நிற்கிறது, அவ்வளவே.

அது கெட்டுக்கொண்டிருந்த வருடங்களில் எனக்கு ஒரு வலியும் இருந்ததில்லை. மகள் கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி ஓடிய நாளில்கூடத் தொடங்கியிருக்கலாம். நல்லபடியாக இருந்ததாக நினைத்த வருடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். இப்போது வலி வந்தால் எனக்குப் பயமில்லை. ஒன்றுமே வலிக்காத நாளில்தான் உடம்பை உற்றுக் கவனிக்கிறேன்.