ஊசி டீச்சரின் தலைமை வகுப்பு

நாளைய உலகத்துக்குத் தையல் தேவையில்லை என்று பள்ளி நிர்வாகம் முடிவு செய்தபோது, தையல் சொல்லித்தந்த ஊசி டீச்சர் ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. தையல் மிஷின்களைத் துணி போர்த்தி மாடிப்படிக்கு அடியில் தள்ளினார்கள். டீச்சரை அப்படித் தள்ள முடியாததால், ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பித் தலைமைப் பண்பு ஆசிரியை ஆக்கினார்கள். வருடக் கடைசியில் தாளாளர் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை நிலைக்கும். பிடிக்காவிட்டால் வீடுதான்.

வீட்டில் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். காலையில் அவரைத் துடைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டீச்சர் பஸ்ஸைப் பிடிப்பாள். மருந்துச் செலவெல்லாம் அவள் சம்பளத்தில்தான். அவருக்கு வாய் மட்டும் விழவில்லை.

"கடைக்காரன் அழுகின தக்காளியப் போட்டாக்கூட வாயத் திறக்க மாட்டே. நீ தலைவருங்கள உருவாக்கப் போறியா?"

"அதுக்குத்தானே சம்பளம் தர்றாங்க. கையத் தூக்குங்க, சட்டை மாட்டணும்."

பயிற்சியில் சொன்னவற்றில் இரண்டுதான் அவள் மனதில் நின்றன. எல்லாரும் சமம் என்பதால் வந்தவர் யாரானாலும் தரையில் வட்டமாக உட்கார வேண்டும். என்ன நடந்தாலும் ஆசிரியை குறுக்கிடக் கூடாது. இரண்டாவது அவளுக்குப் பழக்கமானதுதான். வாழ்நாள் முழுக்க அவள் எதிலும் குறுக்கிட்டதில்லை.

தாளாளர் புது கோட்டு சூட்டில் வந்தார். எந்த வகுப்பிலும் போட்டோ எடுக்கும் நேரத்துக்கு மேல் தங்காதவர். வட்டத்தில் இடம் காட்டினார்கள். குனிந்து உட்கார்ந்தார். பர்ரென்று ஒரு சத்தம்.

பக்கத்து வகுப்பில் பெஞ்சு நகர்ந்தது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். டீச்சரின் காதுக்குத் தெரியாதா? பேன்ட்டின் பின்பக்கத் தையல், ஒரு சாண் நீளம் விட்டுப்போயிருந்தது. தாளாளர் பேயறைந்தவர் போல அவளைப் பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த ஊசிப் பக்கம் அவள் கை தானாகப் போனது. இப்போது அவரை எழுப்பி, கிழிசல் எல்லார் கண்ணிலும் பட்டால் இந்த வகுப்பையே அவர் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேசுங்க, பிள்ளைங்களா."

வெளியே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள்.

"போய் மூடிட்டு வாடி," என்றாள் ஒருத்தி.

"மூடுறது தலைவர் வேலையில்ல. யார மூடச் சொல்றதுன்னு முடிவு பண்றதுதான்," என்றாள் வகுப்பில் தண்ணீருக்குப் பொறுப்பாக வைத்திருந்த தண்ணீர்த் தலைவி.

குழு அமைத்தார்கள். ஓட்டெடுத்தார்கள். சமமாக வந்தது, மறுபடி எடுத்தார்கள். தாளாளர் அசையவில்லை. "ஐயா இவ்வளவு நேரம் எங்கயுமே உக்காந்ததில்ல!" என்று கூட வந்திருந்த தலைமையாசிரியை பூரித்துப் போனாள்.

மணி அடித்தது. ஐயா தனியாகப் பேச விரும்புகிறார் என்று சொல்லி, டீச்சர் எல்லாரையும் வெளியே அனுப்பினாள். அவர் சுவரை ஒட்டியபடியே நகர்ந்து சாமான் அறைக்குள் புகுந்து, கதவிடுக்கு வழியாகப் பேன்ட்டை நீட்டினார்.

"சீக்கிரம்மா."

"துணி நல்ல துணிங்கய்யா. உள்ளே துணி விடாம ஒட்ட வெட்டித் தச்சிருக்கான்."

"இந்தக் காலத்துல ஒழுங்கா தைக்க ஆளே கிடைக்கறதில்ல. யாரும் ஏன் கத்துக்க மாட்டேங்கறாங்கன்னே தெரியல," என்று கதவுக்குப் பின்னாலிருந்து மனப்பூர்வமாக வருத்தப்பட்டார்.

டீச்சரின் வாயில் பதில் இருந்தது. நூலைக் கடித்து அறுத்துவிட்டுப் பேன்ட்டை உள்ளே நீட்டினாள்.

குழாயை யார் மூடுவது என்ற முடிவு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. வீட்டுக்குப் போகும்போது அவளே மூடிவிட்டுப் போனாள்.

அந்த மாதமே உத்தரவு வந்தது. தலைமை வகுப்பு இனி எல்லா வகுப்புகளுக்கும் உண்டு. ஓய்வு பெறும்வரை டீச்சரே அதற்குப் பொறுப்பு.

"அப்படி என்னத்தச் செஞ்சே?" என்றார் கணவர்.

"ஒண்ணும் செய்யல. சும்மா உக்காந்திருந்தேன்."

"அதுக்கா பதவி?"

"ஆமா. இனிமே மத்த டீச்சருங்களுக்கும் நான்தான் சொல்லித்தரணுமாம். அந்தப் பக்கம் திரும்புங்க, முதுகப் பாக்கணும்."