குங்குமம் வைத்த பேஸ்பால் மட்டை

பிள்ளைகளே, நான் இப்போது வாழும் பாரிஸ் புறநகரில் ஆடும் பேஸ்பாலில், பந்தை அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். நம்ம ஊர் லாஸ்பேட்டை மைதானத்துக் கிரிக்கெட்டில் மட்டையோடு ஓடி, கோட்டுக்குள் நீட்டி வைத்தால்தான் தப்பிப்போம். மட்டை கைதவறி விழுந்தாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். இங்கே என் மகள் கயலின் தோழிகள் மட்டையைப் புழுதியில் வீசுவதைப் பார்த்தபோது மனம் பதறியது.

பதினோரு வயது கயல் பேஸ்பால் அணியில் சேர்ந்ததும், கிரிக்கெட் தெரிந்த அப்பா இருக்க என்ன கவலை என்று கார் பார்க்கிங்கில் நானே சொல்லிக்கொடுத்தேன். முழங்கையை உயர்த்து, மட்டையை நேராக இறக்கு. ஆயுத பூசைக்கு அந்த மட்டைக்கும் குங்குமம் வைத்து, "கீழ போடாத கண்ணு" என்றேன். பயிற்சி தரும் மதாம் லூசி அந்தச் சிவப்பைப் பார்த்ததும் கயலின் விரல்களைப் பிரித்துக் காயம் தேடினார். "பூசை, மதாம், பூசை" என்றேன். தலையாட்டிவிட்டு மருந்துப் பெட்டியை எடுத்துவந்தார்.

நான்கு ஆட்டம் போயிற்று. மட்டையில் ஒரு பந்துகூடப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அடிக்காவிட்டால் வேறு பெண்ணை இறக்குவதாக மதாம் சொல்லிவிட்டார்.

"உன்னாலதாம்பா! இங்க பந்து தரையில குத்தி வராது. நெஞ்சுக்கு நேரா வருது. நீ சொன்னாப்ல இறக்குனா எங்க படும்?" என்று கயல் அழுதாள்.

மறுநாள் பயிற்சியை வேலிக்கு வெளியே நின்று கவனித்தேன். மதாம் பின்னங்காலில் கனத்தை வைத்து, முன்காலைக் கொஞ்சம் எடுத்து ஊன்றி, இடுப்பைத் திருப்பினார். கையும் மட்டையும் கடைசியில்தான் வந்தன. அட, இது எனக்குத் தெரிந்த வேலையாயிற்றே! ரெட்டியார்பாளையத்தில் ஒன்பது வருடம் லாரிக்கு அரிசி மூட்டை ஏற்றியவன் நான். மகளிடம் அதைச் சொன்னதே இல்லை. கூச்சம்தான். அன்று மாலை சொன்னேன்.

"கையால மட்டும் வீசுனா தோள்பட்டை போயிடும் கண்ணு. கால ஊனி இடுப்பத் திருப்பு, கை தானா பின்னால வரும். மூட்டை லாரில போய் உக்காந்துக்கும்."

"நீ மூட்டை தூக்குனியா? பொய்! தண்ணி பாட்டில் தூக்கவே அம்மாவ கூப்புடுற."

வீட்டிலிருந்த பத்துக் கிலோ அரிசிப் பையைக் கட்டிலில் வீசிக் காட்டினேன். அவளும் வீசினாள். கட்டில் கிரீச்சிட்டது. பிறகு அவள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள்; மூட்டை தூக்கிய கூச்சம் எனக்கு அதோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. பந்து வந்தது. இடுப்பு திரும்பியது, கை பின்னாலேயே வந்தது. 'டங்'கென்ற சத்தத்தோடு பந்து எல்லார் தலைக்கும் மேலே போனது. ஆனால் கயல் மட்டையைப் பிடித்தபடியே ஓடினாள்! மதாம் கத்தினார். கயல் என்னைப் பார்த்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நானே கூவினேன்: "போடு கண்ணு! கீழ போட்டுட்டு ஓடு!"

போட்டாள். பறந்தாள். பந்து திரும்பி வருவதற்குள், ஓடித் தொட வேண்டிய முனைகளில் இரண்டாவதை மிதித்துவிட்டாள். அவள் தோழிகள் பிரெஞ்சில் ஊளையிட்டார்கள், நான் தமிழில்.

தோழி ஒருத்தி மட்டையை எடுத்து வேலி வழியாக என்னிடம் நீட்டினாள். புழுதியைத் தட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால், அங்கே முனைமேல் நின்றபடியே கயலும் தன் வெறும் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த கணமே, ஓடுவதற்குத் தயாராகக் குனிந்துகொண்டாள்.