குதிக்கச் சொன்ன அப்பா

"ஹலோ, நல்லா இருக்கியா? நல்லாத்தான் இருக்கியா?" எதையும் இரண்டு முறை சொல்வார். சுவருக்கு மட்டுமல்ல, பேச்சுக்கும் அவருக்கு இரண்டு பூச்சு வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் டபுள் கோட்.

என் வீட்டு வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர். மகன் கடற்படைப் பயிற்சியில் இருக்கிறான். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பையன்களிடம் போனைக் கொடுப்பார்களாம். இவர் ஞாயிறன்றும் வேலைக்கு வந்துவிடுகிறார். சாரத்தின் உச்சியில்தான் சிக்னல் சுத்தமாகக் கிடைக்கிறதாம்! ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். தெருவுக்கே கேட்கும்.

முதலில் வீட்டுச் செய்தி. "உங்கம்மா தையல் மிஷினுக்கு மோட்டார் வெச்சுட்டாடா. சர்ருன்னு ஓடுது. தங்கச்சிக்கு சைக்கிள் பேலன்ஸ் வந்துடுச்சு. பிரேக்தான் இன்னும் வரலை, எதிர்வீட்டு கேட் போச்சு." பிறகு அறிவுரை. "ஈரக் காலோட ஷூ போடாதே. சாப்பாட்டுல கூச்சப்படாதே. திட்டினா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே." கீழே நின்ற நான் சிரித்துக்கொண்டே என் காபியை ஆறவிட்டேன்.

போன ஞாயிறுதான் விஷயம் கெட்டது. "அப்பா, மேல ஏறிடறேன். கம்பியை விட்டுக் கை வரமாட்டேங்குது," என்றான் மகன். உயரமான மேடையிலிருந்து நீச்சல் குளத்தில் குதிக்கும் தேர்வு. இரண்டு முறை ஏறி, அப்படியே இறங்கிவிட்டிருக்கிறான். இந்த வாரமும் குதிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

டபுள் கோட்டின் முகம் சுண்டிப்போனது. பள்ளி விடுமுறைகளில் மகனைச் சாரத்தில் ஏற்றி, "பிரஷ் போனாப் போகட்டும், பிடியை மட்டும் விடாதே" என்று பழக்கியவரே அவர்தான். அது பையனின் விரல்களில் ஊறிவிட்டது.

"டேய், நான் சொன்னது சுவத்துக்குடா, சுவத்துக்கு! இங்கே கீழே சிமெண்ட். அங்கே தண்ணிடா, தண்ணி! கெட்டியா பிடிச்சுக்கிறது என் பொழப்பு. விட்டாத்தான் உன் பொழப்பு. அப்பனே சொல்றேன், விடுடா!" ஒரு கையால் சாரத்தை இறுகப் பிடித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்.

"பயமா இருக்குப்பா."

"எனக்கும் தினம் இருக்குடா." இதை ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

அந்த வாரம் மனிதர் மனிதராகவே இல்லை. ஜன்னல் கம்பிக்கு அடிக்க வேண்டிய நீலத்தைக் கண்ணாடிக்கும் சேர்த்து அடித்துவைத்தார். நான் தாம்தூம் என்று குதித்தேன். "துடைச்சுடலாம் சார், துடைச்சுடலாம்," என்றவரின் கண் போன் மேலேயே இருந்தது.

இன்று ஞாயிறு. போன் அடித்தது.

"அப்பா! குதிச்சிட்டேன்! மூக்குல, காதுல எல்லாம் தண்ணி! ஆனா குதிச்சிட்டேம்ப்பா!"

அடடா, தெருவில் போனவர்கள்கூட நின்று கை தட்டினார்கள். டபுள் கோட்டோ போனைச் சட்டைப் பையில் போட்டார். "அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்று அது பைக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருக்க, பெரிய பிரஷை நீலத்தில் முக்கி எடுத்தார். வேலை முடிந்து பளிச்சென்றிருந்த என் வெள்ளைச் சுவரில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஆள் உயர எழுத்தில் எழுதினார்: 'குதிச்சிட்டான்.'