மீன்தொட்டியைத் துலக்கிய கதை

சிங்கப்பூர் புக்கிட் மேராவில் உள்ள எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. வீடு மாறிப் போன ஒருவரிடமிருந்து என் மனைவி வாங்கிய பழைய தொட்டி. கண்ணாடி அல்ல, அக்ரிலிக் பிளாஸ்டிக். நெற்றி புடைத்த லோஹான் மீன் ஒன்று அதில் தனியாக வாழ்கிறது. மனைவி அதைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். காலைக் காப்பியை அதன் எதிரில் உட்கார்ந்துதான் குடிப்பாள். நான் போய் உட்கார்ந்தால் அது வாலைக் காட்டித் திரும்பிக்கொள்ளும்.

தொட்டியைக் கொடுத்தவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். மெல்லிய துணியால் மட்டும் துடைக்க வேண்டும், இது சுலபத்தில் கீறிவிடும் என்றார். நான் பக்கத்தில் நின்று, ஏன் கீறும் என்று அவருக்கே விளக்கினேன். உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் வேறென்ன செய்வான்? கீழே லாரி காத்திருந்தும் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

போன தீபாவளிக்கு முன்பு குத்துவிளக்கு துலக்கும் வேலை எனக்கு வந்தது. மனைவிக்கு இரண்டு கண்களிலும் புரை. விளக்கின் இடுக்குகளில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு அவளுக்குத் தெரியவில்லை. தேக்கா சந்தையில் வாங்கிய விளக்குப் பொடியைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் தொட்டுத் தேய்த்தேன். பித்தளை மின்னியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் எதையாவது மின்னவைக்க வேண்டும்போல் கை பரபரத்தது. தொட்டியின் முன்பக்கத்தில் தண்ணீர் தெறித்துக் காய்ந்த வெள்ளைக் கறை கண்ணில் பட்டது. பித்தளைக்குச் செய்த மரியாதையை அதற்கும் செய்தேன்.

ஈரமாக இருந்தவரை பளிச்சென்றுதான் இருந்தது. காய்ந்ததும் முன்பக்கம் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல்கள், பனி படர்ந்த மாதிரி. உள்ளே மீன் ஒரு சிவப்பு மேகமாக நகர்ந்தது.

மனைவி கவனிக்கவில்லை. புரை விழுந்த கண்ணுக்கு எல்லாமே பனிதான். நானும் வாய் திறக்கவில்லை. பண்டிகை நேரத்தில் எதற்கு என்று காரணம் கற்பித்துக்கொண்டேன். உண்மையான காரணம் பயம்.

பண்டிகை முடிந்து அவளுக்கு வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் கண் மூடியை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றியவள் நேரே தொட்டிக்குப் போனாள். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"என்னங்க, தம்பி புகை மாதிரி தெரியுறான்."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் சொன்னது வேறு: "முதல் நாள்தானே, போகப் போகச் சரியாயிடும்."

போகப் போக எப்படிச் சரியாகும்? அக்ரிலிக் என்ன முழங்கால் சிராய்ப்பா, தானாக ஆறுவதற்கு?

அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் முறையிட்டாள். டாக்டர் எங்களுக்கு மகள் வயதிருக்கும் தமிழ்ப் பெண்.

"ஆன்ட்டி, ரொம்ப நல்லா ஹீல் ஆயிருக்கு. போர்டுல கடைசி லைன்கூட படிச்சுட்டீங்களே?"

"எழுத்து தெரியுதும்மா. எங்க தம்பிதான் தெரியமாட்டேங்குறான்."

"தம்பி எங்க இருக்காரு?"

"வீட்டுல. தண்ணிக்குள்ள."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கண்ணின் படத்தை முதன்முறையாகப் பார்ப்பவன்போல ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் படிப்பு வேலை செய்தது. கீறலைத் தண்ணீர் நிரப்பும்போது தெளிவாகத் தெரிகிறது, ஆனால் தண்ணீர் காய்ந்துவிடுகிறது. காயாத ஒன்று வேண்டும். மனைவி குளிக்கப் போன நேரத்தில் தொட்டியின் முன்பக்கத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசினேன். குளித்துவிட்டு வந்தவள் கூவினாள்: "என்னங்க, இங்க வாங்க! செதில்கூட தெரியுது!" எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மின்விசிறி காற்றில் பறந்த தூசியெல்லாம் எண்ணெயில் ஒட்டிக்கொண்டது. சில நாட்களில் மறுபடி புகை. அவள் பயந்துபோனாள். வராமலே இருந்த பார்வையைவிட, வந்துவிட்டுப் போன பார்வை அவளை அதிகமாகக் கலக்கியது. இடது கண் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தும், மருத்துவமனைக்குப் போன் போட்டு அந்த சிகிச்சையே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். "இருக்கிற அரைக் கண்ணாச்சும் மிஞ்சட்டும் லா," என்றாள் என்னிடம்.

அன்று மாலை அவள் கண்களை மூடிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவியபடி சமையலறைக்கு நடந்தாள். அடுப்பின் திருகைத் தொட்டாள். உப்பு டப்பாவைத் தொட்டாள். மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"என்ன பண்ற?"

"பழகிக்கிறேன்."

அப்போதாவது சொன்னேனா? இல்லை. தொட்டியைச் சரிசெய்துவிட்டால் போதும், அவள் நம்பிக்கை தானாகத் திரும்பும், என் மானமும் பிழைக்கும் என்று கணக்குப் போட்டேன். கைப்பேசியில் காணொளிகள் பார்த்துப் பாடம் படித்தேன். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில், தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் கேட்டேன்.

"காருக்கா அங்கிள்?" என்றார் கடைக்காரர்.

"ஆமா." என்னிடம் கார் கிடையாது.

"என்ன கலர்?"

"கலர் இல்ல," என்று வாயில் வந்துவிட்டது. அவர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் தாள்களையும் மெருகு போடும் பசையையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மனைவி கோயிலுக்குப் போனதும் ஆரம்பித்தேன். கீறல் வெளிப்புறத்தில்தான் என்பதால் தண்ணீரையோ மீனையோ வெளியேற்றத் தேவையில்லை. முதலில் சொரசொரப்பான தாளால் இடவலமாகத் தேய்க்க வேண்டும். அடுத்து அதைவிட மெல்லிய தாளால் மேல்கீழாக. முந்தைய தாளின் கோடுகள் எல்லாம் மறைந்த பிறகுதான் அடுத்த தாளுக்குப் போகலாம். இதில் ஒரு கொடுமை, கீறல்கள் போவதற்கு முன்னால் முன்பக்கம் முழுவதும் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். மீன் இருந்த இடமே தெரியவில்லை. தேய்த்த தண்ணீரை மாற்றச் சமையலறைக்குப் போனேன்.

கோயிலில் கூட்டம் என்று அவள் சீக்கிரமே திரும்பியிருந்தாள். கதவு திறந்த சத்தம் குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

"என்னங்க..." குழாயை மூடியதும் வரவேற்பறையிலிருந்து அவள் குரல் தாழ்வாகக் கேட்டது. "தொட்டியில தம்பி இருக்கானா?"

"இருக்கான்."

"எனக்கு ஒண்ணும் தெரியல. வெறும் வெள்ளையா இருக்கு."

வந்து பார்த்தபோது தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பூப்பொட்டலம்.

"உன் கண்ணுக்கு ஒண்ணுமில்ல," என்றேன். "தொட்டிக்குத்தான். விளக்குப் பொடி போட்டு நான்தான் தேச்சுட்டேன்."

அவள் என் கையிலிருந்த ஈர உப்புத்தாளைப் பார்த்தாள். சுவர் நாட்காட்டியைப் பார்த்து, அதிலிருந்த சின்ன எழுத்தை முணுமுணுப்பாக வாசித்தாள்.

"எப்போ?"

"தீபாவளிக்கு முன்னாடி."

"நடுவுல கொஞ்ச நாள் தெரிஞ்சுதே?"

"தேங்கா எண்ணெய்."

சிரிப்பாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் அழுதாள். "குருடி மாதிரி செவுத்தத் தடவிட்டுப் போனேனே, அதையும் பாத்துட்டுத்தானே நின்னீங்க? மனுஷனா நீங்க?"

நான் உப்புத்தாளைக் கீழே வைக்கப் போனேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "தேய்ங்க," என்றாள்.

தேய்த்தேன். "அங்க ஒரு கோடு இருக்கு. அங்க இல்ல, கீழ. பள்ளிக்கூடத்துல இப்படித்தான் சொல்லிக்குடுத்தீங்களா?" எனக்குத் தெரியாத கோடுகள் எல்லாம் அவளுடைய புதுக் கண்ணுக்குத் தெரிந்தன. கடைசித் தாளும் முடிந்த பிறகு, என் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக் கையில் கொடுத்தாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த துணி. பசை போட்டு அதனால் மெருகேற்றினேன். மதியச் சாப்பாட்டைப் பற்றி இருவருமே பேசவில்லை. முதலில் சிவப்பு தெரிந்தது, பிறகு கண், பிறகு ஒவ்வொரு செதிலாக. மீன் அவளைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது. என்னைக் கண்டதும் வழக்கம்போலத் திரும்பிக்கொண்டது.

அப்போதே அவள் மருத்துவமனைக்குப் போன் போட்டு, இடது கண்ணுக்கு மறுபடி நாள் கேட்டாள். "ஆமாம்மா, கண்ணு நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்காரர்தான் ரிப்பேர்."

அந்த சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்ததும், இம்முறை வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, நெடுநேரம் தொட்டியைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள்.

"சட்டையில காப்பிக் கறை இருக்கு," என்றாள்.

வேறு என்னென்ன தெரிந்தது என்று அவள் சொல்லவில்லை. சட்டையை மாற்றப் போனேன்.