வெற்றிலை பாக்கோடு போன அம்மோனைட்

கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த ஒரு பொருள் என் வீட்டில் ஒரு வருஷம்கூடப் பத்திரமாக இருக்கவில்லை. அதைத் தாம்பூலப் பையில் போட்டு, "நல்லா இருங்க" என்று வாழ்த்தி, என் கையாலேயே ஒரு அம்மாளுக்குக் கொடுத்து அனுப்பியவன் நான். அந்தப் பை மற்ற பைகளைவிடக் கனமாக இருக்கிறதே என்று மனதுக்குள் மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

அம்மோனைட் என்பது ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட ஓடுடைய கடல் பிராணி. வம்சமே அற்றுப்போய், ஓடு மட்டும் கல்லாகி நிற்கிறது. அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்ததால் அங்கே மண்ணைக் கிளறினால் அகப்படும். சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அங்கே போனவன், எல்லாரும் பந்தியில் இருந்தபோது வரப்பில் ஒரு கல்லைப் பொறுக்கினேன். அன்று பிடித்தது இந்தக் கிறுக்கு. ஐந்து வருஷத்தில் இருபத்து மூன்று கல் சேர்ந்தது.

எனக்கு ஆரணியில் பத்திரம் எழுதும் தொழில். ஆகவே ஒவ்வொரு கல்லுக்கும் அட்டையில் குறிப்பு எழுதினால்கூட, "மேற்படி உயிரியானது மேற்படி கடலில் யாதொரு வில்லங்கமுமின்றி வாழ்ந்து" என்றுதான் வரும்.

இருபத்து மூன்றில் ஒன்று தனி ரகம். சின்ன தோசைக்கல் அகலம். மற்றவற்றில் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். இதிலோ ஒட்டாமல் விலகி, நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. புதைபடிவப் பிரியர்களின் வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டேன். சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவர் பதில் போட்டார். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஆரணிக்கு வருகிறாராம். நவராத்திரி முடிந்த வெள்ளிக்கிழமை வந்து நேரில் பார்த்து, அபூர்வமா இல்லையா என்று சொல்கிறாராம். அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள்.

அதற்குள் கொலு வந்தது. ஒன்பது படி, வெள்ளைத் துணி, மேலே சீரியல் விளக்கு. இதைவிட நல்ல காட்சிக்கூடம் ஆரணியில் எனக்கு யார் தரப்போகிறார்கள்? அபூர்வக் கல்லை மேல் படியில் வைக்கக் கேட்டேன்.

"இன்னா அது, நத்தைதானே?" என்றாள் மனைவி. "நத்தை, சங்கு எல்லாம் ஈரறிவு. ரெண்டாவது படி."

"நத்தை இல்லம்மா. ஆக்டோபஸுக்குப் பெரியப்பா முறை."

"ஆக்டோபஸுக்கு எங்க கொலுவுல படியே கிடையாது. வேணும்னா கட்டிலுக்கு அடியில வெச்சிக்கோங்க."

கீழிருந்து மேலாக அறிவு ஏறிக்கொண்டே போகும் வரிசை அவள் பிறந்த வீட்டில் கற்றது. அதை மாற்ற விஞ்ஞானத்தாலும் முடியாது. மற்ற இருபத்து இரண்டையும் இரண்டாம் படிக்கு ஒப்புக்கொடுத்தேன். அபூர்வத்தை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. கொலுவுக்குப் பின்னால் தாம்பூலப் பைகள் அடுக்கியிருந்தன. குழந்தைகள் கை படாமல் இருக்க அதில் ஒரு பைக்குள் அதை வைத்து, உருமறைப்புக்காக மேலே இரண்டு வெற்றிலையும் வைத்தேன். அந்த வெற்றிலைக்காக இன்றும் என்னை நானே மன்னிக்கவில்லை.

சாயங்காலம் முள்ளிப்பட்டிலிருந்து நெசவாளர் ஒருவரின் மனைவி பஸ் ஏறி வந்தார். எங்கள் வீட்டுப் பட்டுப்புடவைகளை நெய்பவர் அவர் கணவர்தான். என் மனைவி சுண்டல் தாளித்துக்கொண்டிருந்ததால், அந்த அம்மாளுக்கு இரண்டாம் படியை நான் விளக்கினேன். கடல், காலம், அழிவு எல்லாவற்றையும் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எங்க வூட்லயும் ஒரு கல்லுக்குத்தான்ணா பேஜாரு. கரைப் பாவு தொங்கினு கீது, இழுத்துக் கட்ட நல்ல கல்லா ஒண்ணு கெடைக்கலன்னு பொலம்பிகினு கீறாரு."

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்; தொய்யாமல் இருக்க அதன் கோடியில் கல் கட்டித் தொங்கவிடுவார்கள். "கல்லுக்கா பஞ்சம்!" என்று பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவங்களுக்குப் பை எடுத்துக் குடுங்க, பஸ் போயிடும்!"

குனிந்து எடுத்தேன். பாவம், பஸ் ஏறி வந்தவர். இரண்டு தேங்காய் இருக்கும்போலிருந்த பையாகப் பார்த்துக் கொடுத்தேன்.

விஷயம் மறுநாள் காலை போனில் வந்தது. நெசவாளரே பேசினார். "சார், நம்ம வூட்டுப் பொம்பள வாய்வார்த்தையா சொன்னத மனசுல வெச்சிகினு கல்லு குடுத்து அனுப்பினீங்களே. கயிறு கோக்கறதுக்கு ஓட்டை வேற! காலையிலயே தறியில கட்டிட்டேன்."

திருப்பிக் கேட்கவா முடியும்? "எவ்வித வற்புறுத்தலுமின்றி, மனப்பூர்வமாக" என்று ஊரெல்லாருக்கும் தானப் பத்திரம் எழுதி, கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வழியில்லை என்று விளக்கி அனுப்புகிறவன் நான். அதுவும் இது வெற்றிலையோடு கொடுத்தது. "தாம்பூலத்தைத் திருப்பிக் கேக்கறதா? ஊரு சிரிக்கும்" என்றாள் மனைவி. அவள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் வந்தார். "எங்கே அது?" என்றார். "வேலைக்குப் போயிருக்கிறது" என்றேன். முள்ளிப்பட்டுக்கு அழைத்துப் போனேன்.

தறியின் கோடியில், தரைக்கு ஒரு சாண் மேலே, என் அபூர்வம் கயிற்றில் தொங்கியது. பக்கத்திலேயே எங்கள் தாம்பூலப் பையும் கட்டித் தொங்கியது. மரியாதைக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்து நெகிழ்ந்தேன்.

"ஒரு நிமிஷம் அவிழ்த்துக் காட்ட முடியுமா?" என்றார் பேராசிரியர்.

"ஐயோ சார், பாதி பாவுல அவுத்தா கரை சுருங்கிப் பூடும். முகூர்த்தப் பொடவை. நீங்க பாட்டுக்குப் பாருங்க, நான் பாட்டுக்கு ஓட்டறேன்."

அறுபது வயது தாண்டிய மனிதர், இஸ்திரி கலையாத சட்டையோடு தரையில் குப்புறப் படுத்தார். ஒரு கையில் செல்போன் விளக்கு, ஒரு கையில் பூதக்கண்ணாடி. நெசவாளர் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் கல் மேலே போய்க் கீழே வந்தது. பேராசிரியர் தலையும் கூடவே போய் வந்தது. வாசலில் இருந்து பார்த்தவர்கள் சங்கீதம் கேட்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

கால் மணி நேரம் கழித்து எழுந்தார். மூக்கெல்லாம் பட்டு நூல் தூசி.

"அபூர்வம்தான். இந்த மாதிரி நான் இதுவரைக்கும் ரெண்டுதான் பார்த்திருக்கேன். ரெண்டுமே உடைஞ்சது."

சொல்லிவிட்டு, தறியில் இருந்த புடவையைப் பற்றி அரை மணி நேரம் விசாரித்தார். போகும்போது அதே மாதிரி ஒன்று சொல்லிவைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு நான் தரையில் நடக்கவில்லை. மனைவிகூட இறங்கிவந்து, அடுத்த வருஷம் மூன்றாம் படி தருவதாகச் சொன்னாள். முள்ளிப்பட்டு வழியாகப் போகும் பஸ்ஸைப் பார்த்தாலே எனக்குப் பெருமை. அங்கே ஒரு கூரைக்குக் கீழே, உலக அபூர்வம் ஒன்று முகூர்த்தப் புடவைக்குக் கரை பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் என் தானம்.

பாவு முடிந்த மறுநாள் நெசவாளரே வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம். நடுவில் என் கல், கழுவித் துடைத்து.

தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "அன்னிக்கி வந்த சார் இன்னா சொன்னார்னு கேட்டீங்களா? இந்தக் கல்லு மாதிரி இன்னொண்ணு கிடைக்கிறது ரொம்பக் கஷ்டமாம்."

"கேட்டுகினுதான் சார் இருந்தேன்." தட்டை என் பக்கம் நகர்த்தினார். "தப்பா நெனைக்காதீங்க. ஆசையா குடுத்தீங்களேன்னுதான் இத்தினி நாளு வாயத் தொறக்கல. இது வெயிட்டு பத்தல சார். அந்தப் பையில அரை செங்கல்லு போட்டு சேத்துக் கட்டிதான் ஓட்டினேன்."